கைத்தொலைபேசியிற் கண்டது காட்சியாமோ?

அளவைகளுட் காட்சியே முற்பட வைத்து எண்ணப்படுவது என்பதைச் சைவப் பாடசாலைகளிற் சித்தாந்தம் பயிற்றும் ஆசிரியர் யாவரும் அறிவர். உலக வழக்கும் அதனோடு ஒத்ததே. வேலித் தகராறாயினும் கொலை வழக்காயினும், கண்டவன் மொழிக்குள்ள மதிப்புக் கேட்டவன் மொழிக்கு இல்லை. “நான் என் கண்ணாற் கண்டேன்” என்று ஒருவன் சொன்னமாத்திரத்தில் எதிர்வாதஞ் செய்வோன் தளர்ந்துவிடுகின்றான். இத்துணைப் பெறுமதியுடைய சொல்லை இக்காலத்து மக்கள் மிக எளிதில் வழங்கத் தலைப்பட்டுள்ளனர். கண்டியில் நிகழ்ந்த கலகத்தைப் பருத்தித்துறையிலிருந்தே கண்டதாகச் சொல்வர். அவர் கண்டது யாதெனின், உள்ளங்கை அகலமுள்ள கண்ணாடியில் அரை நிமிட நேரம் ஓடிய ஒரு காணொளி. அங்ஙனம் கண்டது அளவை நூலார் கூறுங் காட்சியாமோ, அன்றி உரையளவையின்பாற் பட்டு நிற்குமோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா. இஃது ஏட்டுச் சுரைக்காய் போல்வதொரு சொல்லாராய்ச்சியன்று. இவ்வினாவிற்குப் பிழைபட விடை கொண்டமையால் நமது தீவில் வீடுகள் எரிந்தன. அயல்நாட்டில் உயிர்கள் மாய்ந்தன.

இவ்வழக்கம் தோன்றி நெடுங்காலமாகவில்லை. யூடியூப் என்னும் இணையத்தளத்தில் முதற் காணொளி ஏற்றப்பட்டது 2005ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 23ஆந் திகதியாம். அதன் நீளம் 19 விநாடி. அமெரிக்காவிலுள்ள ஒரு விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன்னே ஓர் இளைஞர் தாமே நின்று, தம் வாயால் அவற்றின் தும்பிக்கையைப் பற்றிச் சில சொற் சொல்லி முடித்தார். பின்னர்ப் படம் பிடிக்கும் கருவியும் கைத்தொலைபேசியும் ஒன்றாயின. படம் பிடித்தவுடன் அதனைப் பிறர்க்கு அனுப்புதலும் எளிதாயிற்று. இன்று பழைய மாணவர் சங்கம், கோயிற் பரிபாலன சபை, ஒரே வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர், கனடாவிலும் இலண்டனிலும் சிதறிக் கிடக்குஞ் சுற்றத்தார் என இவர்கட்கெல்லாம் வட்ஸ்அப்பில் ஒவ்வொரு குழு உண்டு. அக்குழுக்களில் எழுதப்படுவது சிறிது. பகிரப்படுங் காணொளியோ பெரிது. ஒருவர் ஒன்றை இடுவர். ஏனையோர் கண்டு வியப்பர், வருந்துவர், சினப்பர். யாம் எல்லேமும் ஒன்றாய்க் கண்டேம் என்னும் உணர்ச்சியே இக்கூட்டங்களைப் பிணிக்குங் கயிறு. அக்கயிறு எதனால் திரிக்கப்பட்டது என்று பார்த்தல் வேண்டும்.

2018ஆம் ஆண்டு பெப்ருவரி மாத இறுதியில் அம்பாறை நகரத்திலே முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக்கடையில் உண்ணப் புகுந்தோர் சிலர், கறியில் ஏதோ ஒரு கட்டி கிடந்ததென்று கூச்சலிட்டனர். சிங்களவரை மலடாக்கும் மாத்திரை உணவிற் கலக்கப்படுகின்றதென்னும் வதந்தி அப்பொழுது நாடெங்கும் உலாவிற்று. கடைக்காரரைப் பலர் சூழ்ந்து நின்று, மருந்து கலந்தாய் அன்றோ என்று அதட்டினர். அவரோ சிங்களம் செவ்வனே அறியாதவர். அச்சத்தாற் குழறி, ஆமெனக் கொள்ளத்தக்க ஒரு சொல்லைச் சொன்னார். அதனை ஒருவர் கைத்தொலைபேசியிற் பதிந்து பேஸ்புக்கில் விட்டார். அன்றிரவே கடையும் பள்ளிவாசலுந் தாக்கப்பட்டன. அடுத்த வாரத்திற் கண்டி மாவட்டத்துத் தெல்தெனியாவிலுந் திகனையிலுங் கலகம் மூண்டது. அதற்கு உடன் காரணம் சிலராலே தாக்கப்பட்ட ஒரு லொறிச் சாரதியின் மரணமே; ஆயினும் அம்பாறைக் காணொளி மக்கள் மனத்தில் முன்னரே விறகடுக்கி வைத்திருந்தது. வீடுகளுங் கடைகளுந் தீக்கிரையாயின, உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. மார்ச்சு மாதம் 6ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் தடுத்து, ஏறக்குறைய ஒரு வாரத்தின் பின்னரே திறந்துவிட்டது. கறியிற் கிடந்த கட்டியை ஆராய்ந்த அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்தார் அது வெறும் மாக்கட்டியே என்றனர். உண்டவரை என்றும் மலடாக்கும் மாத்திரை உலகத்தில் இல்லையென்று மருத்துவ அறிஞர் எடுத்துக் கூறினர். பேஸ்புக் நிறுவனத்தார் தமது தளம் தீங்கிற்குப் பயன்பட்டமைக்கு 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் வருத்தந் தெரிவித்தனர். எரிந்த வீடு எரிந்ததே.

இனி அக்காணொளியைப் பார்த்தோர் உண்மையிற் கண்டது யாதென்று வகுத்துப் பார்ப்போம். ஒரு மனிதர் நிற்கின்றார். அவர் உதடு அசைகின்றது. ஒரு சொல் கேட்கின்றது. இவ்வளவே புலனுக்கு எட்டியது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பது காட்சியன்று, கருதல். அக்கருதலுக்கு ஏதுவாக நின்ற சொல்லோ அச்சத்தாற் பிறந்தது. பொருள் தெரியாத மொழியிற் பிறந்தது. ஏது பழுதாயின் துணிவும் பழுதாம் என்பதை யாம் ஆசிரியர்க்கு விரித்தல் மிகை. ஆயினும் பார்த்த ஆயிரக்கணக்கானோருள் எவரும் யான் இவ்வாறு ஊகித்தேன் என்று சொல்லவில்லை. எல்லாரும் யான் கண்டேன் என்றே சொன்னார்கள். ஊகம் காட்சியின் ஆடையை உடுத்துக்கொண்டு வீதியில் வந்தது.

ஈண்டு ஒருசாரார் தடை நிகழ்த்துவர். படம் பிடிக்குங் கருவி சடப்பொருள்; அதற்கு விருப்பும் வெறுப்பும் இல்லை; மூக்குக்கண்ணாடி கண்ணுக்குத் துணையாதல் போல இக்கருவியுந் துணையாகின்றது; கண்ணாடி வழியாகக் காண்பது காட்சியாயின் இதுவுங் காட்சியே என்பது அவர் வாதம். நன்று, ஆயினும் ஒரு வேறுபாடு உளது. மூக்குக்கண்ணாடி அணிந்தவன் தன் தலையைத் திருப்பலாம். பக்கத்தில் நிற்பவர் யாரென்று பார்க்கலாம். ஓரடி முன்னே சென்று நோக்கலாம். ஐயமுற்றவிடத்து வாய்திறந்து வினாவலாம். காணொளியைப் பார்ப்பவனுக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. அவன் தலையை வேறொருவர் பிடித்துக்கொண்டிருக்கின்றார். எப்பக்கம் நோக்குதல் வேண்டும், எக்கணத்தில் தொடங்குதல் வேண்டும், எவ்விடத்தில் நிறுத்துதல் வேண்டும் என்பனவெல்லாம் அவருடைய துணிபு. ஒருவர் தாம் அறிந்ததைத் தாம் வேண்டிய அளவில், தாம் வேண்டிய முறையில் நமக்கு அறிவிப்பின் அதற்கு உரை என்பதே பெயர். எழுத்தாலாயது ஓர் உரை. ஒளியாலாயது மற்றோர் உரை. அன்றியும் நிகழாத நிகழ்ச்சியை நிகழ்ந்தது போலவும், பேசாத மனிதரைப் பேசியது போலவும் செயற்கை நுண்ணறிவு கொண்டு காணொளி சமைத்தல் இன்று இளைஞர்க்கும் எளிதாயிருக்கின்றது. ஆதலின் கருவி பொய் சொல்லாதென்னும் வாதம் அதன் பழைய வலியையும் இழந்துவிட்டது.

உரையென்று கொள்ளவே, உரைத்தார் யார் என்னும் வினா உடன் எழும். உரையளவை நிற்பது உரைத்தாரின் வாய்மைமேலன்றோ? இங்கேதான் கைத்தொலைபேசிக் குழுக்களின் பெருங்குறை வெளிப்படுகின்றது. வட்ஸ்அப்பில் ஒரு காணொளியை ஒருவர் மற்றொரு குழுவிற்கு மேலனுப்புங்கால், அதனை முதலில் இட்டவர் பெயர் அதனுடன் செல்வதில்லை. பிறிதோரிடத்திலிருந்து அனுப்பப்பட்டது என்னுஞ் சிறு குறிப்பொன்று மாத்திரம் தோன்றும். அக்குறிப்பும் 2018ஆம் ஆண்டிலேதான் சேர்க்கப்பட்டது. முதல் உரைத்தார் மறைந்து போக, அவ்விடத்தில் யார் முகம் வந்து நிற்கின்றது? நம் மாமாவின் முகம். உடன்படித்த நண்பரின் முகம். மதிப்பிற்குரிய அதிபரின் முகம். யாரோ ஊர் பேர் தெரியாத ஒருவர் சொன்ன சொல்லுக்கு நம் மாமாவின் நம்பிக்கை ஈடாக வைக்கப்படுகின்றது. அதனை மாமாவும் அறியார், நாமும் அறியேம். உறவு எத்துணை நெருங்கியதோ அத்துணை எளிதிற் பொய் நுழையும் என்பது வருந்தத்தக்கது, ஆயினும் உண்மை.

கராச்சி நகரத்திற் குழந்தைகளின் பாதுகாப்பிற்காக உழைக்கும் ஓர் அமைப்பினர் எச்சரிக்கைக் காணொளி ஒன்று ஆக்கினர். வீதியில் விளையாடுஞ் சிறுவனை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தூக்கிச் செல்வதும், சிறிது பொழுதிற் திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, குழந்தையைக் கடத்த ஒரு கணமே போதும் என்னுங் கருத்தமைந்த எழுத்துப் பலகையைக் காட்டுவதும் அதன் பொருள். யாரோ ஒருவர் பிற்பகுதியை அரிந்து எறிந்தார். எஞ்சிய பகுதி இந்திய நாட்டுச் சிற்றூர்களில், உங்கள் ஊர்க் குழந்தைகளைக் கடத்துவோர் வந்துவிட்டனர் என்னும் முழக்கத்துடன் கைக்குக் கை சென்றது. இத்தகைய வதந்திகளால் 2018ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நாட்டில் 20 பேருக்கு மேல் அடியுண்டு இறந்தனர். சூலை மாதம் 1ஆந் திகதி மகாராட்டிர மாநிலத்துத் தூலே மாவட்டத்தில் ஊரூராய்ச் சென்று இரந்துண்ணும் நாடோடி வகுப்பினர் ஐவர் ஒருங்கே கொல்லப்பட்டனர். தமிழகத்தில், திருவண்ணாமலை மாவட்டத்திலே, குலதெய்வ வழிபாட்டிற்கு வந்த முதிய அம்மையார் ஒருவர் சிறுவர்க்கு இனிப்புக் கொடுத்தார் என்பதே காரணமாக மே மாதத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அதன்பின் வட்ஸ்அப் நிறுவனத்தார் ஒரு செய்தியை ஒருமுறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவொண்ணாதவாறு முதலில் இந்தியாவிலும், 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் உலகெங்கும் வரையறை செய்தனர். பலகால் அனுப்பப்பட்டது ஒருமுறையில் ஓரிடத்திற்கே செல்லலாம் என்று 2020ஆம் ஆண்டு ஏப்பிரிலில் மேலும் இறுக்கினர். வேகத்தைத் தணித்தது நன்றே. எனினும் உரைத்தார் யாரென்பது அதனால் விளங்கவில்லை.

“யான் யாதொன்றுஞ் சொல்லவில்லை, வந்ததை அனுப்பினேன், அவ்வளவே” என்பது பலருடைய சமாதானம். தபாற்காரர் கடிதத்திலுள்ள பொய்க்குப் பொறுப்பாளர் ஆவரோ என்றும் வினவுவர். தபாற்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. யார்க்குச் சேர்ப்பதென்று தாமே தெரிவு செய்வதுமில்லை. காணொளியை மேலனுப்புபவரோ திறந்து பார்க்கின்றார். இது நம்மவர்க்குத் தெரியவேண்டும் என்று துணிகின்றார். யார் யாருக்கென்று பெயர் பெயராகத் தெரிவு செய்கின்றார். அறிதலும் துணிதலும் செய்தலும் மூன்றும் அவரிடத்தில் நிறைந்திருக்கின்றன. வினையென்று சொல்வதற்கு இதற்குமேல் வேண்டுவது யாது? மேலனுப்புபவர் உரையைச் சுமப்பவரல்லர், மறுபடியும் உரைப்பவரே. விரலால் உரைத்தலும் வாயால் உரைத்தலும் வேறல்ல.

அற்றேல், காணொளியைப் பகிராதிருத்தலே அறமோ எனின், அன்று. 2020ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி அமெரிக்காவில் மினியாப்பொலிசு நகரத்துத் தெருவிலே ஜோர்ஜ் ஃபிளொயிட் என்னுங் கறுப்பினத்தவர் ஒரு பொலிசு உத்தியோகத்தரின் முழங்காலின் கீழ் அழுந்தி உயிர் நீத்தார். பொலிசார் விடுத்த முதல் அறிக்கை அவர் உடல்நலக் கேட்டால் இறந்ததாகவே குறித்தது. கடைக்கு வந்திருந்த டார்னெல்லா ஃபிரேசியர் என்னும் 17 வயதுப் பெண் அவ்விடத்தில் நின்று முழுவதையும் கைத்தொலைபேசியிற் பதிந்து அன்றிரவே வெளியிட்டிராவிடின் அவ்வறிக்கையே சரித்திரமாய் நிலைத்திருக்கும். இதனைக் கொண்டு, காணொளி காட்சியே என்பார் தமக்கு வெற்றியென்று கொள்ளலாகாது. அப்பெண் படத்தை விட்டுவிட்டு மறையவில்லை. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நீதிமன்றத்திற்கு வந்து, யூரிமார் முன்னிலையிற் சத்தியஞ் செய்து, தாம் நின்ற இடம் இது, தாம் கண்டது இது என்று சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வினாக்களுக்கும் விடை பகர்ந்தார். அயலில் நின்ற ஏனையோர் சாட்சியமும், கடைகளிற் பொருத்தியிருந்த கருவிகளும் பொலிசார் தம் மார்பில் அணிந்திருந்த கருவிகளும் பதிந்த படங்களும் அதனோடு ஒப்புநோக்கப்பட்டன. ஏப்பிரில் மாதம் 20ஆந் திகதி அவ்வுத்தியோகத்தர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். நீதியைத் தந்தது படம் மாத்திரமன்று. பெயருடன் முன்வந்து வினாவிற்கு உட்பட்ட ஒருவரின் உரை அது. படம் அவ்வுரைக்கு உறுப்பாயிற்று.

காணொளியைச் சுற்றிக் கூட்டம் அமைப்பதற்கும் இதுவே வழியென்பதற்கு வேறோர் உதாரணம் கருநாடகத்துச் சிற்றூர்களில் உண்டு. பெங்களூரில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் ஆராய்ச்சிச்சாலையில் ரிக்கின் காந்தி என்பார் 2006ஆம் ஆண்டளவிற் தொடங்கிய முயற்சியொன்று ‘டிஜிற்றல் கிரீன்’ என்னும் பெயரால் வழங்குகின்றது. பின்னர் அது தனியமைப்பாயிற்று. பேராசிரியர்களைக் கொண்டு பெரும்படம் ஆக்காமல், அயலூர்க் கமக்காரர் தாமே தம் வயலில் நின்று செய்து காட்டும் முறைகளைச் சிறு கருவியாற் பதிந்து, மாலை வேளையில் ஊரார் கூடுமிடத்திற் காட்டினர். காட்டுவோர் அவ்வூரிற் பழகிய ஒருவர். இடையிடையே படத்தை நிறுத்தி, விளங்கிற்றா, உங்கள் நிலத்துக்கு இது ஆகுமா என்று கேட்பார். பார்த்தவர் முதலிற் கேட்ட வினாக்கள் பெரும்பாலும், இவர் யார், எந்த ஊரார் என்பனவாம். எருவின் அளவைப்பற்றிய வினா அதன் பின்னரே வந்தது. எழுத்தறிவில்லாத உழவர் சிலர் அளவை நூல் படியாமலே உரைத்தாரை முதலில் விசாரித்தனர். படித்த நம்மவர் பலர் வட்ஸ்அப்பில் அவ்வினாவை ஒருமுறையேனுங் கேட்கின்றிலர். அக்கூட்டங்களைப் பிணித்தது ஒன்றாய்க் கண்டமை மாத்திரமன்று, ஒன்றாய் வினாவியமையுமாம். சொன்னவரைத் தேடிச் சென்று அவர் வயலை மிதித்துப் பார்க்கவும் இயன்றது.

இனி நம் பாடசாலைகளின் நிலையை நோக்குவோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில், ஆசிரியர் பலர் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பாடங்களைக் காணொளியாக்கி வகுப்புக் குழுக்களுக்கு அனுப்பினர். கைத்தொலைபேசி ஒன்றே உள்ள வீட்டில் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்ததும், அலை எட்டாத ஊர்களிற் பிள்ளைகள் மேட்டு நிலத்தையும் மரத்தையும் நாடிச் சென்றதும் அக்காலத்திற் பலரும் அறிந்தவை. அக்குழுக்கள் நன்கு நடந்தன. ஏனெனில் அங்கே உரைத்தார் இன்னாரென்பது ஐயத்திற்கிடமின்றித் தெரிந்திருந்தது. ஆசிரியர் முகமும் குரலும் பிள்ளைகள் அறிந்தவை. கணக்கில் ஓரிலக்கம் பிழைத்தாற் சுட்டிக்காட்டுதற்கும் ஆள் உண்டு. பாடசாலைகள் மீளத் திறந்த பின்னரும் அக்குழுக்கள் கலைக்கப்படவில்லை. பாடம் சென்ற அதே வாய்க்காலிற் பின்னர் வேறு நீரும் பாய்ந்தது. இன்ன பிஸ்கோத்தில் நஞ்சு உண்டு, இன்ன ஊரிற் பிள்ளை பிடிப்பவர் வந்தனர் என்பன போன்ற காணொளிகள் ஆசிரியர் குழு என்னும் பெயரின் மதிப்பைப் பெற்றுக்கொண்டு பெற்றோர் கைக்குச் செல்கின்றன. “டீச்சரின் குறூப்பில் வந்தது” என்பதே அவற்றுக்குச் சான்றிதழாகின்றது.

ஆகவே குழு நடத்தும் ஆசிரியர் ஒரு நியமம் வைத்தல் தகும். எக்காணொளியை இடுபவரும் அதனுடன் மூன்று சொல் எழுதுக: எடுத்தவர் யார், எங்கே, எப்பொழுது. அறியாராயின் அறியேன் என்று எழுதுக. அறியேன் என்று எழுத வேண்டி வருமிடத்துப் பெரும்பாலார் அனுப்பாமலே விட்டுவிடுவர் என்பது எம் எண்ணம். இந்நியமத்தாற் குழுவின் ஆரவாரம் குறையும். சிலர் சுவை குன்றிற்றென்று விலகுதலுங் கூடும். விலகுவார் விலகுக. அளவை பயிற்றும் மேல்வகுப்பு ஆசிரியர்க்கோ இதனினுஞ் சிறந்த பயிற்சிப்பொருள் கிடையாது. மலையிற் புகையைக் கண்டு தீயுண்டென்று துணியும் பழைய உதாரணத்தை ஒப்பிக்கும் மாணவனிடம், அவன் நேற்றுக் கண்டதாகச் சொல்லுங் காணொளி ஒன்றைக் கொடுத்து, இதிற் காட்சி எவ்வளவு, கருதல் எவ்வளவு, உரை எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்க. யாம் அறிந்தவரையிற் காட்சியின் பங்கு வரவரச் சுருங்குவதைக் கண்டு அவனே வியப்பான்.

ஒன்று எஞ்சியிருக்கின்றது. இடைவேளையில் இரு மாணவர் கைகலந்ததை மூன்றாம் மாணவன் எவ்வாறோ பதிந்து, அன்று மாலையே வகுப்புக் குழுவில் இடுகின்றான் என்க. பெற்றோர் கொதிக்கின்றனர், அடித்தவன் இன்னான் என்று எல்லாருங் கண்டுவிட்டதாகச் சொல்கின்றனர், விலக்குக என்று அதிபரை நெருக்குகின்றனர். இத்தகைய வேளையிற் காணொளியை உடனே நீக்கிவிட்டு அமைதல் சிலர் வழக்கம். நீக்குதல் வேண்டுவதே, அடியுண்ட பிள்ளையின் மானம் ஊர்முழுதும் உலாவலாகாது. ஆயினும் நீக்கினமாத்திரையான் விசாரணை முடிந்ததாகாது. பதிந்த மாணவனை மறுநாட் காலையில் அழைத்து, நீ எங்கே நின்றாய், எத்துணைத் தூரம், கருவியை எடுக்குமுன் அவர்கள் என்ன பேசினர், நீ ஏன் விலக்கப் போகவில்லை என்று கேட்டல் வேண்டும். பின்னர் அடித்தவன் என்று சொல்லப்பட்ட பிள்ளையைத் தனியே இருத்தி, காணொளியில் இல்லாத முதற் பகுதியை அவன் வாயாற் சொல்லக் கேட்டல் வேண்டும்.